டைரக்ட் ரூட்டிங் லோடு பேலன்சிங்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் நெட்வொர்க் படிக்கும் மாணவர்கள், ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளிலும் சர்வர் அறையைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவர்கள், வேலூர் மருத்துவமனைகளின் கணினிப் பிரிவில் இருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவை இவை. கேள்விகள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்தாலும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம். ஒரு கல்லூரி வளாகம். பயனர்களுக்குத் தெரிந்த முகவரி 192.168.10.100, இதைத்தான் விஐபி என்பார்கள், அதாவது மெய்நிகர் ஐபி. லோடு பேலன்சராக நிற்கும் மெஷின் 192.168.10.10, இதற்கு டைரக்டர் என்று பெயர். உண்மையில் வேலை செய்யும் சர்வர்கள் 192.168.10.21, 22, 23. வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசலான கேட்வே ரவுட்டர் 192.168.10.1. மாணவர்களின் லேப் 192.168.50 என்று தொடங்கும் வேறு நெட்வொர்க்கில் இருக்கிறது.

சார், லோடு பேலன்சர் எதுக்கு? ஒரு பெரிய சர்வரா வாங்கிட்டா போதாதா?

கொஞ்ச நாளைக்குப் போதும். ஆனால் அந்த ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும் கூட்டம் பத்து மடங்காகும். அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்கப் பெரிய மெஷினை ஓட்டுவது வீண். மூன்று சாதாரண சர்வர்களை வைத்து, வரும் இணைப்புகளைப் பிரித்துக் கொடுத்தால் ஒன்று போனாலும் மற்ற இரண்டு தாங்கும். பிரித்துக் கொடுக்கும் அந்த வேலைதான் லோடு பேலன்சருடையது.

டைரக்ட் ரூட்டிங்னு எதைச் சொல்றாங்க?

கோரிக்கை டைரக்டர் வழியாக வருகிறது. பதில் டைரக்டரைத் தொடாமல் சர்வரிலிருந்து நேராகப் பயனருக்குப் போகிறது. நம்ம ஊர் ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் இருக்கும் கவுண்டர் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லும், மருத்துவரைப் பார்த்து முடித்தவர் மறுபடி அந்தக் கவுண்டருக்கு வந்து நிற்பதில்லை, நேராக வெளியே போய்விடுவார். வருகிறவர்கள் மட்டும் நிற்பதால் கவுண்டர் நெரிசல் பாதியாகிறது.

லினக்ஸில் இதைச் செய்வது ஐபிவிஎஸ் என்னும் கெர்னல் பகுதி, அதாவது இயங்குதளத்தின் மையத்திலேயே இருக்கும் பகுதி. வென்சாங் ஜாங் 1998-இல் தொடங்கிய லினக்ஸ் விர்ச்சுவல் சர்வர் திட்டத்திலிருந்து வந்தது அது. அதில் நாட் (பாக்கெட்டின் ஐபி முகவரியையே மாற்றி அனுப்புவது), டனலிங் (பாக்கெட்டை இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்புவது), டைரக்ட் ரூட்டிங் என மூன்று வழிகள் உண்டு. இதே யோசனையை எஃப்5 நிறுவனம் என்பாத் என்கிறது. வேறு பலர் டைரக்ட் சர்வர் ரிட்டர்ன் என்கிறார்கள்.

பாக்கெட்ல எதை மாத்துது, எதை விட்டுடுது?

இந்த ஒரு கேள்விக்கு நிதானமாகப் பதில் தெரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். அதனால் ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

லேபில் 192.168.50.7 என்ற கணினி விஐபியின் 80-ஆம் போர்ட்டுக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. அது கேட்வேக்கு வருகிறது. கேட்வே, "192.168.10.100 யாரிடம் இருக்கிறது?" என்று ஆர்ப் மூலம் கேட்கிறது. ஒரு ஐபி முகவரி எந்தக் கார்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறைதான் ஆர்ப். டைரக்டர் மட்டும் தன் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் முகவரியை, சொல்கிறது. 02:00:00:00:00:10 என்று வைத்துக்கொள்வோம். மேக் முகவரி எழுதிய மேலுறையோடு கூடிய பாக்கெட்டான ஃபிரேம் டைரக்டருக்கு வந்து சேர்கிறது. டைரக்டர் இந்த இணைப்புக்கு 22-ஆம் சர்வரைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு ஃபிரேமின் மேலுறையில் பெறுநர் மேக் முகவரியை 02:00:00:00:00:22 என்றும், அனுப்புநர் மேக் முகவரியைத் தன்னுடையது என்றும் எழுதி, அதே ஸ்விட்சில் விட்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் ஐபி முகவரிகளில் கை வைப்பதில்லை. அனுப்புநர் 192.168.50.7, பெறுநர் 192.168.10.100, போர்ட் 80 எல்லாம் வந்தபடியே இருக்கும்.

22-ஆம் சர்வர் அதைப் பிரித்துப் பார்க்கிறது. பெறுநர் முகவரி விஐபி. அந்த முகவரி அதன் லூப்பேக்கிலும் (மெஷின் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கற்பனைக் கார்டு) போடப்பட்டிருப்பதால் "எனக்கு வந்ததுதான்" என்று ஏற்றுக்கொள்கிறது. பதிலில் அனுப்புநராக விஐபியையே போட்டு, தன் டிஃபால்ட் கேட்வே வழியாக நேராக லேபுக்கு அனுப்புகிறது. லேப் கணினி யாரிடம் கேட்டதோ அந்த முகவரியிலிருந்தே பதில் வருவதால் அதற்கு எந்தச் சந்தேகமும் வராது.

நாட் முறையே சுலபமா இருக்கே, இதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்?

நாட் முறையில் போவதும் வருவதும் டைரக்டர் வழியாகத்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 மாணவர்கள் ஆளுக்கு 3 மெகாபிட் வேகத்தில் பாட வீடியோ பார்க்கிறார்கள். மொத்தம் 900 மெகாபிட். டைரக்டரில் இருப்பது ஒரு ஜிகாபிட் கார்டு என்றால் நாட் முறையில் அது கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. பின்னால் எத்தனை சர்வர் சேர்த்தாலும் பயனில்லை.

டைரக்ட் ரூட்டிங்கில் டைரக்டர் வழியாகப் போவது கோரிக்கைகளும், வீடியோ வந்து சேர்ந்ததற்கான ஒப்புகைகளும் மட்டும். இரண்டு முழு பாக்கெட்டுக்கு ஒரு ஒப்புகை என்று வைத்தால், 3,000 பைட்டுக்குச் சுமார் 66 பைட், அதாவது 2 சதவீதம் சொச்சம். 900 மெகாபிட் வீடியோவுக்கு 20 மெகாபிட் அளவுதான் டைரக்டர் சுமக்கிறது. சர்வர்கள் ஒவ்வொன்றும் தன் கார்டின் முழு வேகத்தையும் பயன்படுத்தலாம். ஸ்விட்சின் மேல் இணைப்பும் கேட்வேயும் அந்த வேகத்தைத் தாங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நெரிசல் அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் மாறியது ஒன்றுமில்லை.

அப்போ எல்லா வேலைக்கும் இதுதான் வேகமா?

இல்லை. கேட்பது சின்னது, பதில் பெரியது என்ற இடத்தில்தான் இதன் அருமை தெரியும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சர்வருக்கு ஏற்றுகிற அமைப்பில் பெரிய சுமை உள்ளே வருகிறது. உள்ளே வருவதெல்லாம் டைரக்டர் வழியாகத்தான். அங்கே இதனால் பெரிய லாபம் இல்லை. பேக்கப் சர்வருக்கும் அப்படியே.

ஒரே ஐபியை நாலு மெஷின்ல போட்டா ஐபி கான்ஃப்ளிக்ட் வராதா?

ரொம்ப நியாயமான பயம். நான்கு மெஷினும் "192.168.10.100 என்னிடம்தான்" என்று ஆர்ப் பதில் கொடுத்தால் குழப்பம்தான். யார் பதில் கடைசியாகக் கேட்வேயின் நினைவில் பதிந்ததோ, எல்லோரும் அந்த மெஷினுக்கே போவார்கள். டைரக்டர் சும்மா நிற்கும்.

அதனால் சர்வர்களில் இரண்டு ஏற்பாடு செய்கிறோம். ஒன்று, விஐபியை ஈதர்நெட் கார்டில் போடாமல் லூப்பேக்கில் போடுவது. இது மட்டும் போதாது. லினக்ஸ் முகவரியை மெஷினுக்கு உரியதாகப் பார்க்கிறது, கார்டுக்கு உரியதாகப் பார்ப்பதில்லை. லூப்பேக்கில் இருக்கும் முகவரியைக் கேட்டாலும் ஈதர்நெட் வழியாகப் பதில் சொல்லிவிடும். அதைத் தடுக்க இரண்டாவதாக ஆர்ப்_இக்னோர் என்ற அமைப்பை 1 என்று வைக்கிறோம்: கேள்வி எந்தக் கார்டில் வந்ததோ அந்தக் கார்டிலேயே அந்த முகவரி இருந்தால் மட்டும் பதில் சொல். அதோடு ஆர்ப்_அனவுன்ஸ் என்பதை 2 என்று வைக்க வேண்டும்.

இந்த ஆர்ப்_அனவுன்ஸைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்வர் பதில் அனுப்பும்போது கேட்வேயின் மேக் முகவரி தெரியாவிட்டால் தானே ஒரு ஆர்ப் கேள்வி கேட்கும். அமைப்பை மாற்றாமல் விட்டால், அந்தக் கேள்வியில் "கேட்பது 192.168.10.100" என்று விஐபியைப் போட்டு அனுப்பிவிடும். கேட்வே அதைப் பார்த்துத் தன் பட்டியலை மாற்றிக்கொள்ளும். "காலையில் நன்றாக இருந்தது, மத்தியானம் எல்லாம் ஒரே சர்வருக்குப் போகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

லூப்பேக்ல போடும்போது நெட்மாஸ்க் ஏன் 255.255.255.255? நான் 255.255.255.0 போட்டா என்ன ஆகும்?

ஒரே நெட்வொர்க்கில் எந்த முகவரிகள் அடங்கும் என்று சொல்வது நெட்மாஸ்க். லூப்பேக்கில் 255.255.255.0 என்று போட்டால், 192.168.10 என்று தொடங்கும் எல்லா முகவரியும் தனக்கு உள்ளேயே இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். கேட்வேயும் அதில் அடங்கும். பதில் வெளியே போகவே போகாது. ஒரே ஒரு முகவரி மட்டும் என்று சொல்வதற்குத்தான் 255.255.255.255.

ஆர்ப் செட்டிங் எல்லாம் போட்டுட்டேன், இருந்தும் எல்லாரும் ஒரே சர்வருக்குத்தான் போறாங்க. ஏன்?

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, அமைப்பை லூப்பேக்குக்கு மட்டும் போட்டிருக்கலாம். கேள்வி வந்து சேரும் கார்டுக்கான மதிப்பு, "ஆல்" என்பதற்கான மதிப்பு, இந்த இரண்டில் எது பெரியதோ அதையே கெர்னல் எடுக்கும். அதனால் "ஆல்" என்பதிலோ ஈதர்நெட் கார்டிலோ போட்டால்தான் வேலை செய்யும்.

அடுத்து வரிசை. விஐபியை முதலில் போட்டு ஆர்ப் அமைப்பைப் பிறகு மாற்றினால், நடுவில் கிடைக்கும் அந்தச் சில நொடியிலேயே தப்பான பதில் போயிருக்கும். ஆர்ப் அமைப்பு முதலில், விஐபி அப்புறம். மெஷின் ரீபூட் ஆகும்போதும் இந்த வரிசை காக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாகக் கேட்வேயின் நினைவு. சிஸ்கோ ரவுட்டர்களில் ஆர்ப் பதிவு மாற்றாமல் விட்டால் 4 மணி நேரம் இருக்கும். சர்வர் பக்கம் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் பழைய பதிவு நிற்கலாம். ரவுட்டரில் அந்த ஒரு பதிவை அழித்துவிட்டுச் சோதியுங்கள்.

எங்க சர்வர் ஒண்ணு ராணிப்பேட்டை கிளையில இருக்கு. அதையும் சேர்க்கலாமா?

டைரக்ட் ரூட்டிங்கில் முடியாது. டைரக்டர் செய்வது மேக் முகவரியை மாற்றுவது மட்டும் என்று மேலே பார்த்தோம். மேக் முகவரி ரவுட்டரைத் தாண்டாது. டைரக்டரும் சர்வர்களும் ஒரே விலேனில், அதாவது ரவுட்டர் குறுக்கே வராத ஒரே உள் நெட்வொர்க்கில், இருந்தாக வேண்டும்.

ரவுட்டரைத் தாண்ட வேண்டும் என்றால் டனலிங். முழு பாக்கெட்டையும் இன்னொரு ஐபி உறைக்குள் வைத்து அனுப்புவது. பதில் அப்போதும் நேராகத்தான் போகும். கூகுள் 2016-இல் விவரித்த மேக்லெவ், ஃபேஸ்புக்கின் கட்ரான் எல்லாம் இப்படி உறை போடும் வகைதான். உறைக்கு 20 பைட்டாவது கூடுதலாக வேண்டும் என்பதால் 1500 பைட் எல்லையில் இடிக்கும். பாக்கெட்டின் அதிகபட்ச அளவைச் சொல்லும் எம்டியு, எம்எஸ்எஸ் அமைப்புகளைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிவரும். டைரக்ட் ரூட்டிங்கில் அந்தத் தொல்லை இல்லை.

விஐபில 80, சர்வர்ல 8080 வைக்கலாமா?

முடியாது. போர்ட் எண் பாக்கெட்டுக்குள்ளே இருக்கிறது, அதை டைரக்டர் தொடுவதில்லை. விஐபியில் எந்தப் போர்ட்டோ சர்வரிலும் அதே போர்ட்.

லினக்ஸ்ல இதைச் செட் பண்ண எவ்ளோ வேலை?

டைரக்டரில் விஐபியை ஈதர்நெட் கார்டில் போட வேண்டும். பிறகு ஐபிவிஎஸ்ஆட்ம் கட்டளையால் சேவையை உருவாக்கி, ஒவ்வொரு சர்வரையும் சேர்க்க வேண்டும். சேர்க்கும் வரியில் மைனஸ் ஜி என்று இருந்தால் டைரக்ட் ரூட்டிங், மைனஸ் எம் என்றால் நாட், மைனஸ் ஐ என்றால் டனலிங். மூன்று சர்வருக்கு மொத்தம் நான்கு வரிதான். சர்வர் பக்கம் மேலே சொன்ன ஆர்ப் அமைப்பும் லூப்பேக் விஐபியும்.

கையால் ஒருமுறை செய்து புரிந்துகொண்ட பிறகு கீப்அலைவ்டி என்ற நிரலிடம் ஒப்படைத்துவிடுங்கள். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லாததைப் பட்டியலிலிருந்து எடுப்பது, டைரக்டர் போனால் மாற்று டைரக்டரைக் கொண்டுவருவது எல்லாம் அது செய்யும்.

எந்த ஷெட்யூலர் நல்லது?

புது இணைப்பு எந்தச் சர்வருக்கு என்று தீர்மானிக்கும் விதிதான் ஷெட்யூலர். குழப்பம் இருந்தால் எதையும் சொல்லாமல் விடுங்கள். டபிள்யூஎல்சி தானாக வரும். எந்தச் சர்வரில் இணைப்பு குறைவோ அதற்கு, சர்வரின் பலத்தையும் கணக்கில் எடுத்து அனுப்பும். எல்லாச் சர்வரும் ஒரே மாதிரி, கோரிக்கைகளும் சின்னச் சின்னவை என்றால் வரிசையாக ஒவ்வொன்றுக்கும் மாற்றி மாற்றி அனுப்பும் ரவுண்ட் ராபினே போதும்.

ஒரு விஷயம். டைரக்டர் பார்ப்பது உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டும். சர்வர் இணைப்பை முடித்துக்கொண்டது அதன் கண்ணில் படாது. பயனர் பக்கம் வரும் பாக்கெட்டை வைத்து ஊகிக்கிறது. அதனால் பட்டியலில் தெரியும் இணைப்பு எண்ணிக்கையைத் துல்லியமான கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லாகின் பண்ணவங்க அடிக்கடி வெளியே தள்ளப்படுறாங்க, என்ன செய்யலாம்?

ஒவ்வொரு புது இணைப்பும் வேறு சர்வருக்குப் போகலாம். லாகின் விவரம் முந்தைய சர்வரின் நினைவில் மட்டும் இருந்தால் இப்படித்தான் ஆகும். நல்ல தீர்வு, லாகின் விவரத்தை எல்லாச் சர்வரும் பார்க்கும் பொது இடத்தில் வைப்பது. அது முடியாத பழைய நிரல் என்றால் பெர்சிஸ்டன்ஸ் போடுங்கள்: ஒரே ஐபியிலிருந்து வருபவரைக் குறிப்பிட்ட நேரம் ஒரே சர்வருக்கு அனுப்பும். நேரம் சொல்லாவிட்டால் ஐபிவிஎஸ்ஆட்ம் 300 நொடி எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு முழு லேபும் ஒரே முகவரிக்குப் பின்னால் இருந்தால் அத்தனை பேரும் ஒரே சர்வருக்குப் போவார்கள், சமமாகப் பிரிவது கெடும். இன்னொன்று, 80, 443 இரண்டும் தனித்தனிச் சேவையாக இருந்தால் ஒரே ஆள் இரண்டிலும் வேறு வேறு சர்வருக்குப் போகலாம். ஃபயர்வால் மார்க் (ஃபயர்வால் பாக்கெட்டுக்குப் போடும் அடையாள எண்) போட்டு இரண்டையும் ஒரே சேவையாகக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்.

எச்டிடிபிஎஸ் சான்றிதழை டைரக்டர்ல போடணுமா, சர்வர்லயா?

ஒவ்வொரு சர்வரிலும். டைரக்டர் உள்ளே பிரித்துப் பார்ப்பதே இல்லை. அதே காரணத்தால் முகவரிப் பாதையைப் பார்த்துப் பிரிப்பது, குக்கீ போட்டுப் பிரிப்பது எதுவும் இங்கே நடக்காது. அவை வேண்டும் என்றால் கோரிக்கையைப் பிரித்துப் பார்க்கும் ஹெச்ஏபிராக்ஸி போன்ற ஒன்றைப் பின்னால் வைக்க வேண்டும். பதிலுக்கு ஒரு நல்லது: பயனரின் உண்மையான ஐபி சர்வர் பதிவேட்டில் அப்படியே விழும்.

அண்ணா, பிங் போவுது, ஆனா பேஜ் மட்டும் வரமாட்டேங்குது. இன்னா காரணம்?

விஐபிக்கு பிங் அடித்தால் பதில் சொல்வது டைரக்டர்தான். சர்வர் மூன்றும் அணைந்து கிடந்தாலும் பிங் போகும். அதனால் பிங் போவதை வைத்துச் சர்வர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

டைரக்டரில் ஐபிவிஎஸ் இணைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பதிவுகள் எல்லாம் சின்-ரெசீவ் நிலையிலேயே (இணைப்பு தொடங்கி முடியாத நிலை) நின்றால், பயனரின் முதல் பாக்கெட் வந்தது, ஆனால் சர்வரின் பதில் பயனரைச் சேரவில்லை என்று அர்த்தம். பிறகு சர்வரில், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையைப் போடுங்கள். மைனஸ் ஈ சேர்த்தால் மேக் முகவரியும் தெரியும். பாக்கெட்டே வரவில்லை என்றால் விலேன் அல்லது டைரக்டர் பக்கம் கோளாறு. வருகிறது, பதில் போகவில்லை என்றால் லூப்பேக்கில் விஐபி இல்லை, அல்லது வெப் சர்வர் 192.168.10.22-இல் மட்டும் காது கொடுக்கிறது, அல்லது இரண்டு கார்டு உள்ள மெஷினில், தவறான கார்டில் வந்ததாகத் தெரியும் பாக்கெட்டை வீசும் ஆர்பி_ஃபில்டர் தடுக்கிறது. பதில் போகிறது, பயனருக்குக் கிடைக்கவில்லை என்றால் ஸ்விட்சையும் ஃபயர்வாலையும் பாருங்கள். ஸ்விட்சில் ஐபி சோர்ஸ் கார்டு என்ற பாதுகாப்பு அமைப்பு இருந்தால், 22-ஆம் சர்வரின் போர்ட்டிலிருந்து 100-ஆம் முகவரியில் பாக்கெட் வருவதை ஏமாற்று என்று நினைத்து வீசிவிடும்.

ஹெல்த் செக் எல்லாம் பச்சையா இருக்கு. ஆனா மூணு தடவைல ஒரு தடவை பேஜ் வரல. எப்படி?

ஒரு சர்வரின் லூப்பேக்கில் விஐபி இல்லை. பெரும்பாலும் ரீபூட்டுக்குப் பிறகு போயிருக்கும். ஹெல்த் செக் சர்வரின் சொந்த முகவரியான 192.168.10.23-ஐத் தட்டிப் பார்க்கிறது. அது நன்றாகவே பதில் சொல்கிறது. ஆனால் பயனரின் பாக்கெட் விஐபி முகவரியோடு வரும்போது, "இது எனக்கில்லை" என்று சர்வர் விட்டுவிடுகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் ஆபத்தாகத் தெரிவது இதுதான்: கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை, பயனருக்குக் கோளாறு. சர்வரில் விஐபி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் தோல்வி என்று சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஹெல்த் செக்கில் சேர்த்துவிடுங்கள்.

சர்வர்களோட டிஃபால்ட் கேட்வேயா டைரக்டரையே கொடுத்துட்டேன். நாட்ல அப்படித்தானே செய்வோம்?

நாட்டில் அது கட்டாயம். இங்கே அது தவறு. சர்வரின் பதிலில் அனுப்புநர் முகவரி விஐபி. அது டைரக்டரிடம் போனால், "என் முகவரியோடு வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வருகிறதே" என்று கெர்னல் அதை மார்ஷியன், அதாவது வரவே கூடாத முகவரியோடு வந்த பாக்கெட், என்ற கணக்கில் சேர்த்து வீசிவிடும். கேட்வேயாக 192.168.10.1-ஐக் கொடுங்கள்.

டைரக்டர்லேர்ந்தே கர்ல் அடிச்சுப் பார்த்தா வரல. சர்வர்லேர்ந்து அடிச்சா உடனே வருது. எது சரி?

கர்ல் என்பது கட்டளை வரியிலிருந்து பக்கத்தைக் கேட்கும் நிரல். இங்கே இரண்டையும் நம்ப வேண்டாம். சர்வரிலிருந்து விஐபியைக் கூப்பிட்டால் அது லூப்பேக்கில் இருப்பதால் தன்னையே கூப்பிட்டுக்கொள்கிறது, டைரக்டர் வரை போகவே இல்லை. டைரக்டரிலிருந்து கூப்பிட்டால் அனுப்புநரும் விஐபி, பெறுநரும் விஐபி. அதைச் சர்வர் ஏற்காது. சோதனைக்கு எப்போதும் மூன்றாவது மெஷின் ஒன்று வேண்டும்.

டேட்டாபேஸ் கனெக்‌ஷன் சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் அறுந்துபோகுது. சர்வர்ல எந்த எர்ரரும் இல்ல.

ஐபிவிஎஸ் சும்மா இருக்கும் டிசிபி இணைப்பை 900 நொடி, அதாவது 15 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். சாப்பிடப் போய் அரை மணி நேரம் கழித்து வந்தால் டைரக்டர் அந்த இணைப்பை மறந்திருக்கும். அடுத்து வரும் பாக்கெட் எந்தச் சர்வருக்கு உரியது என்று தெரியாது. டைரக்டரே இணைப்பை முறித்துப் பதில் அனுப்பிவிடும். சர்வருக்கு இதெல்லாம் தெரியாது, அதனால்தான் அங்கே எர்ரர் இல்லை.

சும்மா இருக்கும் இணைப்பில் அவ்வப்போது சின்னச் சோதனைப் பாக்கெட் அனுப்பும் லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் இருந்தாலும் அது 7,200 நொடிக்குப் பிறகுதான் தொடங்கும், அதாவது இரண்டு மணி நேரம். பயனர் பக்கம் அதை 10 நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள், அல்லது ஐபிவிஎஸ்ஸின் நேரத்தைக் கூட்டுங்கள். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். நேரத்தைக் கூட்டினால் செத்த இணைப்புகளும் பட்டியலில் கூடவே தங்கும்.

டைரக்டரே போயிட்டா எல்லாம் போச்சே?

ஆமாம், அதனால் இரண்டு வேண்டும். வேலூர் கோடையில், ஏசி நின்ற ஒரு சின்ன சர்வர் அறையில் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிந்தால் இரண்டையும் வேறு வேறு அறையில், வேறு வேறு யுபிஎஸ்ஸில் வையுங்கள்.

கீப்அலைவ்டியில் இருக்கும் விஆர்ஆர்பி என்ற நெறிமுறை இதைப் பார்த்துக்கொள்ளும். முதல் டைரக்டர் 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் நொடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். குரல் நின்றால் இரண்டாவது விஐபியை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஆர்ப் அறிவிப்பு அனுப்பும். கேட்வே தன் பட்டியலை மாற்றிக்கொள்ளும். சில நொடியில் சரியாகிவிடும். நடந்துகொண்டிருந்த இணைப்புகளும் அறுபடக் கூடாது என்றால் இணைப்புப் பட்டியலை இரண்டாவது டைரக்டருக்கும் அனுப்பும் ஐபிவிஎஸ் சிங்க்கையும் ஓடவிட வேண்டும். ஃபயர்வாலில் விஆர்ஆர்பியை, அதாவது ஐபி புரோட்டோகால் 112-ஐ, திறக்க மறந்தால் இரண்டு டைரக்டரும் தானே தலைவர் என்று நினைத்து விஐபியைப் பிடித்துக்கொள்ளும்.

எங்ககிட்ட ரெண்டே மெஷின்தான். ரெண்டுமே டைரக்டராவும் சர்வராவும் இருக்கலாமா?

முடியும், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. முதல் மெஷின் ஒரு பாக்கெட்டை இரண்டாவதுக்கு அனுப்புகிறது. இரண்டாவதிலும் அதே ஐபிவிஎஸ் விதிகள் இருப்பதால் அது பாக்கெட்டை ஏற்காமல், "இதை முதல் மெஷினுக்கு அனுப்ப வேண்டும்" என்று திருப்பிவிடலாம். பாக்கெட் இரண்டுக்கும் நடுவே பந்து மாதிரி போய்வரும். தீர்வு, எதிர் டைரக்டரின் மேக் முகவரியிலிருந்து வராத பாக்கெட்டுகளுக்கு மட்டும் ஃபயர்வால் மார்க் போட்டு, ஐபிவிஎஸ் சேவையை அந்த மார்க்கின் மேல் கட்டுவது. அல்லது காத்திருக்கும் மெஷினில் விதிகளையே ஏற்றாமல், தலைவரானதும் ஏற்றுவது.

சர்வர் விண்டோஸா இருந்தா?

நடக்கும். லூப்பேக் அடாப்டர் ஒன்றைச் சேர்த்து அதில் விஐபியைப் போட்டு, நெட்எஸ்எச் மூலம் வீக்ஹோஸ்ட் ரிசீவ், வீக்ஹோஸ்ட் சென்ட் இரண்டையும் இயக்க வேண்டும். ஒரு கார்டில் வந்த பாக்கெட்டை இன்னொரு கார்டின் முகவரிக்கு உரியதாக ஏற்க இது தேவை.

கிளவுட்லயும் குபர்னெட்டிஸ்லயும் இதைப் போடலாமா?

பொதுக் கிளவுடில் பெரும்பாலும் முடியாது. அங்கே பாக்கெட்டின் வழியைத் தீர்மானிப்பது ஐபி முகவரி. நீங்கள் மாற்றும் மேக் முகவரியை அந்த நெட்வொர்க் பொருட்படுத்தாது. அவர்கள் தரும் லோடு பேலன்சரையே பயன்படுத்துங்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், இணைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியான கியூப்-பிராக்ஸியில் ஐபிவிஎஸ் என்று பார்த்து ஏமாற வேண்டாம். போர்ட்டை மாற்ற வேண்டியிருப்பதால் அது நாட் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. காரணம் 8080 கேள்வியில் சொன்னதுதான்.

வீட்டு லேப்டாப்ல இதைப் பழகிப் பார்க்க முடியுமா சார்?

தாராளமாக. விர்ச்சுவல்பாக்ஸில் நான்கு சின்ன லினக்ஸ் மெஷின்கள் போதும்: ஒன்று பயனர், ஒன்று டைரக்டர், இரண்டு சர்வர். எல்லாவற்றையும் ஒரே இன்டர்னல் நெட்வொர்க்கில் போடுங்கள். ஒரே நெட்வொர்க்கில் இருப்பதால் கேட்வே இல்லாமலே பதில் நேராகப் பயனருக்கு வரும். இரண்டு சர்வரிலும் வேறு வேறு வரி எழுதிய பக்கம் ஒன்றை வையுங்கள். யார் பதில் சொல்கிறார் என்று உடனே தெரியும்.

முதல் முறை ஆர்ப் அமைப்பைப் போடாமலே ஓட்டிப் பாருங்கள். பயனர் மெஷினில் ஆர்ப் பட்டியலை அழித்து, மறுபடி கூப்பிட்டு, விஐபிக்கு நேரே எந்த மேக் முகவரி விழுகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆர்ப் அமைப்பைப் போட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். டைரக்டரில் டிசிபிடம்ப் திறந்திருந்தால், ஒரே கோரிக்கை இரண்டு தடவை தெரியும்: ஐபி முகவரிகள் அதேதான், மேக் முகவரி மட்டும் வேறு. பதில் அந்தத் திரையில் வரவே வராது.